வராதவர் பேரில் எழுதிய பதினோரு மாதம்

1. பெரிய டாக்டர் ரூம்

திங்கட்கிழமை காலை, ஆராய்ச்சிக்குத் தேயிலை வளர்க்கிற பிளாட்டுக்கு இறங்கக் கிளம்பும்போது ஆபீசிலிருந்து போன் வந்தது. பெரிய டாக்டர் கூப்பிடுகிறார், உடனே வரவேண்டுமாம்.

பெரிய டாக்டர் என்று நாங்கள் சொல்வது சுகுமாரன் சாரை. குன்னூருக்குக் கீழே இருக்கிற எங்கள் தேயிலை ஆராய்ச்சி ஸ்டேஷனுக்கு அவர்தான் தலைவர். நான் அங்கே பீல்டு வேலைக்காரியாக இருந்தேன். அதுவரை இருபத்தாறு வருஷத்தில் அந்த ரூமுக்குள் ரெண்டு தடவைதான் போயிருந்தேன். ஒரு தடவை, வந்தவர்களுக்கு டீ கொண்டு போன பையனுக்குக் காய்ச்சல் என்று நான் தட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். இன்னொரு தடவை, பிளாட்டில் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனதற்குக் கையெழுத்து வாங்கினார்கள். ரெண்டு தடவையும் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் பிடிக்கும்.

உள்ளே போனால் மேஜைமேல் என் பீல்டு நோட்டு விரித்து வைத்திருந்தது. காப்பர் மருந்து பட்டு அட்டை பச்சையாகப் போன அதே நோட்டு. ஜன்னல் ஓரமாக ஷமீனா மேடம் நின்றார். ஷமீனா மேடம் எங்கள் ஸ்டேஷனில் தேயிலை இலையில் வருகிற கொப்புள நோயை ஆராய்ச்சி செய்கிற டாக்டர். ஊட்டி பஜாரில் அவருடைய அப்பா, அவர் வாயில் அத்தா, ஸ்வெட்டர் கடை வைத்திருக்கிறார். எப்பவும் என்னைப் பார்த்ததும் சிரிக்கிறவர். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"உக்காருங்க பாக்கியம்," என்றார் சார்.

"பரவாயில்லைங்க சார்."

"உக்காருங்கன்னா உக்காருங்க. அண்ணாந்து பாத்துப் பாத்துக் கழுத்து வலிக்குது எனக்கு."

நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன்.

"ஏனுங்க, இது உங்க எழுத்துத்தானுங்களே?"

நோட்டின் கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தார். அந்தக் கட்டத்துக்கு மேலே இங்கிலீஷில் ஒரு தலைப்பு. அதன் கீழே எனக்காக மேடம் தமிழிலும் எழுதிக் கொடுத்திருந்தார்: ரீடிங் எடுத்தவர். செடியில் நோயை எண்ணிப் பதிவதைத்தான் ரீடிங் என்போம். அதற்குக் கீழே என் கையெழுத்தில் ஷமீனா என்று இருந்தது. பக்கத்தைத் திருப்பினார். ஷமீனா. இன்னொரு பக்கம். ஷமீனா.

"ஆமாங்க," என்றேன்.

"இந்த மாசமெல்லாம் இந்தப் பொண்ணு எங்க இருந்துச்சுங்க?"

"மாமியார் ஊட்டுலங்க. பிள்ளைப்பேறுக்கு."

"அப்புறம் பிளாட்டுல ரீடிங் எடுத்தது ஆருங்க? இவங்க ஆவியா?"

வாசலில் நின்ற ஆபீஸ் சூப்பரிண்டெண்ட் போஜன் சார் சிரித்துவிட்டார். வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்து இருமுகிற மாதிரி செய்தார்.

ஷமீனா மேடம் ஜன்னலிலிருந்து திரும்பி, "ஏன்க்கா?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குப் பெரியவர்கள் முன்னால் நாக்கு எழாது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். சொல்லவேண்டியது நெஞ்சு வரைக்கும் வரும், அங்கேயே நின்றுகொள்ளும். அன்றைக்கும் நின்றுகொண்டது. என்ன தப்பு நடந்தது என்றுகூட எனக்கு விளங்கவில்லை. நல்லது செய்ததாகத்தான் மூணு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

2. எங்கள் ஊர்க் கணக்கு

நான் ஏன் அப்படி எழுதினேன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். ஸ்டேஷனில் இப்ப பீல்டு வேலைக்குப் புதுசாக வந்து இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களுக்கு உடனே புரியும்.

எங்கள் குடும்பம் சிலோனிலிருந்து வந்த குடும்பம். நான் சின்னப்பிள்ளையாகக் கப்பலேறி வந்தேன். அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படித்தேன். அம்மா அங்கேயும் கொழுந்து எடுத்தார், இங்கே வந்தும் கொழுந்து எடுத்தார். எஸ்டேட்டில் ஒரு நாள் வேலை செய்தால் செக்ரோலில் ஒரு பேர் விழும். செக்ரோல் என்பது வேலைக்கு வந்தவர்களின் பதிவேடு. பேர் விழுந்துகொண்டே இருந்தால்தான் அந்த ஆள் எஸ்டேட் ஆள். பேர் நின்றுபோனால் வேலை போகும், லயத்தில் இருக்கிற வீடும் போகும்.

அதனால் ஒருத்தி பிரசவத்துக்குப் படுத்தாலோ, காய்ச்சலில் கிடந்தாலோ, கூட எடுக்கிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் கொழுந்தை அவள் பேரில் நிறுத்துப் போடுவார்கள். வேலை வாங்குகிற கங்காணிக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பார். என் தம்பி பிறந்தபோது அம்மா பேரில் அப்படித்தான் கொழுந்து விழுந்தது. அம்மாவும் பிறகு எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கிறார். எங்களுக்குள் யாரும் அதைப் பொய் என்று சொன்னதில்லை.

ஷமீனா மேடம் பிள்ளை உண்டாகி ஆறாம் மாசத்தில் படுக்கையில் இருக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். லவ்டேலில் மாமியார் வீடு. அங்கே போய்விட்டார். பிள்ளை மாசத்துக்கு முன்னாலேயே பிறந்து, கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். பிறகு பிள்ளைக்கு மூச்சு நோவு. இப்படியே பதினோரு மாசம் போய்விட்டது. அது ப்ராஜெக்ட் வேலை, அதில் இவ்வளவு லீவெல்லாம் கிடையாது. எழுதிக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டார். சம்பளமும் இல்லை.

நின்ற முதல் வாரம் டீ ரூமில் போஜன் சார் யாரிடமோ, "பேர் இல்லாத ஆளுக்கு எத்தனை நாள் சீட்டு வெச்சிருக்க முடியும்? வேற ஆளைத்தான் பாக்கணும்" என்று பேசியது என் காதில் விழுந்தது.

அந்த வாரம் ரீடிங் எடுத்து முடித்து, கடைசிக் கட்டத்தில் ஷமீனா என்று எழுதினேன். அடுத்த வாரமும் எழுதினேன். மேடம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பதினோரு மாசம் கழித்து அவர் திரும்பி வந்தபோது அதே சீட்டு, அதே மேஜை இருந்தது. சுகுமாரன் சார் யாரிடமெல்லாமோ பேசி அந்த இடத்தை வைத்திருந்தார் என்பது எனக்கு அப்ப தெரியாது. என் எழுத்துதான் அதைக் காப்பாற்றியது என்று மனசுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் வைத்திருந்தேன். வெளியே சொல்லவில்லை. சொன்னால் அதற்கு மதிப்பு இல்லை என்று நினைத்தேன்.

திரும்பி வந்த மேடம் நோட்டில் இருந்த நம்பரையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினார். கடைசிக் கட்டத்தை அவர் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை.

3. ஏழு வருஷம் நாலு மாசம்

சாரின் ரூமிலிருந்து வெளியே வந்ததும் நான் பிளாட்டுக்குப் போய்விட்டேன். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் மேடமும் பூட்ஸ் மாட்டிக்கொண்டு இறங்கி வந்தார். மேல்பாதையில் காட்டெருமை நின்றதால் சுற்றிக்கொண்டு வந்தேன் என்றார். கோபத்தில் வந்தவர் மாதிரி இல்லை. பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தார்.

"அக்கா, நான் சொல்றதை நல்லா கேளுங்க. எனக்கு எட்டு மாசத்துல இந்த ப்ராஜெக்ட் முடியுது. அதுக்கப்புறம் இங்க எனக்கு வேலை இல்லை. இந்தப் பிளாட்டும் செடியை வெட்டிக் கவ்வாத்து பண்ணி வேற யாருக்காவது போயிடும்."

"தெரியுங்க."

"அதனாலதான் ஒரு பெரிய நிதிக்கு எழுதிப் போட்டேன். ஏர்லி கேரியர்னு சொல்வாங்க. ஆராய்ச்சியில ஆரம்பக் கட்டத்துல இருக்கறவங்களுக்கு மட்டும் குடுக்கறது. கிடைச்சா சொந்தமா, என் பேர்லயே நடத்தலாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. மேடத்துக்கு வயசு முப்பத்தெட்டு. காதோரம் நரை. "நீங்க ஆரம்பக் கட்டமாங்க?" என்றேன்.

"சிரிங்க, சிரிங்க. எங்க அத்தாவும் இப்படித்தான் சிரிச்சாரு. இத்தனை வருஷம் படிச்சு இப்பத்தான் ஆரம்பமான்னாரு." அவருக்கும் லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு விரலை மடக்கிச் சொன்னார். "பி.எச்.டி. பட்டம் வாங்கி ஏழு வருஷத்துக்குள்ள இருக்கறவங்கதான் அதுக்குப் போட முடியும். ஒரு நாள் தாண்டினாலும் தகுதி இல்லை. எனக்குக் கடைசித் தேதியன்னைக்கு ஏழு வருஷம் நாலு மாசம்."

"அப்ப முடிஞ்சு போச்சுங்களே?"

"முடியலை. பிள்ளைப்பேறு, நோவு இப்படி ஏதாவது காரணத்தால ஆராய்ச்சியை விட்டு நின்னிருந்தா, நின்ன காலத்தைக் கழிச்சிருவாங்க. நான் பதினோரு மாசம் நின்னேன். அதைக் கழிச்சா ஏழு வருஷத்துக்குள்ள வந்திடறேன். ஆபீஸ் லெட்டர் வெச்சேன். ஆஸ்பத்திரிச் சீட்டு வெச்சேன். கூடவே, இதுவரைக்கும் என்ன வேலை நடந்திருக்குன்னு காட்ட இந்த நோட்டையும் போட்டோ எடுத்து அனுப்பிட்டேன்."

அதற்கு மேல் அவர் சொல்லவேண்டியிருக்கவில்லை. ஆபீஸ் லெட்டர், ஷமீனா வேலையில் இல்லை என்கிறது. நோட்டு, ஷமீனா வாரா வாரம் பிளாட்டில் இருந்தார் என்கிறது. ரெண்டில் ஒன்று பொய். பத்து நாளில் விளக்கம் தரவேண்டும், இல்லாவிட்டால் தகுதி இல்லை என்று அங்கிருந்து மெயில் வந்திருந்தது.

எங்களுக்கு நாள் சேர்ந்தால்தான் உரிமை. எஸ்டேட்டில் நாள் சேர்ந்தால் கேஷுவல் ஆள் பெர்மனெண்ட் ஆவாள். மேடத்துக்கு நாள் சேரச் சேர உரிமை கரைகிறது. நான் அவருக்கு நாள் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். அவர் வேண்டாம் என்று கழிக்கிற பதினோரு மாசத்தை நானே திரும்ப ஏற்றி வைத்திருக்கிறேன்.

"எனக்காகத்தான் எழுதினீங்கன்னு தெரியும்க்கா," என்றார் மேடம். "அதான் திட்டவும் முடியலை."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

4. புது நோட்டு

மறுநாள் போஜன் சார் ஸ்டோர் ரூம் பக்கம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். போஜன் சார் கோத்தகிரிப் பக்கத்துப் படகர். வாய் கொஞ்சம் நீளம், மனசு நல்ல மனசு.

"ஏம்மா, நான் டீ குடிக்கறப்ப உளர்றதையெல்லாம் நீ சட்டமா எடுத்துக்குவியா?"

"நீங்க நெசமாத்தான் சொல்றீங்கன்னு நெனச்சேங்க."

"என் பொஞ்சாதிகூட நான் சொன்னதை இப்படிக் கேட்டதில்லை." ஒரு காகிதப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தார். அதே அளவு, அதே கோடு போட்ட புது நோட்டு. "குன்னூர் பஜார்ல தேடி வாங்கினேன். அந்தப் பதினோரு மாசத்தை மட்டும் இதுல பார்த்து எழுது. கடைசிக் கட்டத்தை மட்டும் விட்டுடு. பழசுல தண்ணி பட்டுடுச்சு, தப்பா போட்டோ எடுத்துட்டோம்னு சொல்லிக்கலாம். நீ யார்கிட்டயும் போய்ப் பேச வேண்டாம்."

கடைசியாகச் சொன்னதுதான் என்னை இழுத்தது. பேசவேண்டாம். எழுதினால் போதும்.

அன்று சாயங்காலம் வேலை விட்டு வந்து, வீட்டில் பலகையைப் போட்டு உட்கார்ந்தேன். ஆபீசிலிருந்து எடுத்து வந்த பழைய நோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுத ஆரம்பித்தேன். வாரத்துக்கு ஒரு பக்கம். மூணு பக்கம் முடிந்தபோது வெளியே ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ஷமீனா மேடம் மகளை முன்னால் நிற்க வைத்துக்கொண்டு வந்திருந்தார். பழைய நோட்டைக் காணோம் என்று தேடிக்கொண்டு வந்திருக்கிறார்.

பலகையைப் பார்த்தார். புது நோட்டை எடுத்து, நான் எழுதின மூணு பக்கத்தையும் பார்த்தார்.

"எழுத்து அழகா இருக்கு," என்றார்.

பேனாவைக் கீழே வைத்தேன். "மேடம், இதைக் குடுத்தா சரியாப் போயிடும்னு…"

"சரியாத்தான் போகும். தகுதியும் கிடைச்சிடும். அப்புறம்?" கீழேயே உட்கார்ந்துவிட்டார். பாப்பா என் மடியில் வந்து ஏறிக்கொண்டது. "இந்தப் பழைய நோட்டுல ஒவ்வொரு பக்கத்துலயும் காப்பர் கறை இருக்கு. மழையில மை கலைஞ்சிருக்கு. அட்டைப்பூச்சி கடிச்ச ரத்தம்கூட ஒரு பக்கத்துல இருக்கு. அதனாலதான் அந்த நம்பரை நான் நம்பறேன். இதை மாத்திக் குடுத்தா பேர் மட்டுமா பொய்? நாற்பத்தேழு வாரத்து நம்பரும் பொய்யாயிடும். அதை வெச்சு நான் என்ன ஆராய்ச்சி பண்றது?"

"அப்ப நான் என்னதான் பண்றதுங்க?"

"நடந்ததை நடந்தபடி சொல்லணும். அதை நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா என்னை நானே காப்பாத்திக்கிற மாதிரி இருக்கும்."

"எனக்குப் பேச வராதுங்களே மேடம்."

"தெரியும்க்கா," என்றார். கட்டாயப்படுத்தவில்லை. டீ வைத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு, பழைய நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். பாப்பா ஸ்கூட்டரில் நின்று கையை ஆட்டியது.

மறுநாள் காலை நானே சுகுமாரன் சார் ரூம் வாசலில் போய் நின்றேன்.

"என்னங்க பாக்கியம்?"

"நான் சொல்றேனுங்க," என்றேன்.

5. கம்ப்யூட்டர் முன்னால்

சனிக்கிழமை பதினோரு மணி. மீட்டிங் ஹாலில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, அதன் முன்னால் என்னை உட்கார வைத்தார்கள். வேறு யாரும் ஹாலில் இருக்கக் கூடாது என்று நிதி கொடுக்கிற இடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். மிஷினைப் பார்த்துக்கொள்ள போஜன் சார் மட்டும் கதவு ஓரத்தில் நின்றார். நல்ல சேலை கட்டி, மேலே ஸ்வெட்டர் போட்டிருந்தேன்.

திரையில் மூணு பேர். ஒருத்தர் அம்மா. அவருக்குத் தமிழ் தெரியும், பேச்சு மதுரைப் பக்கம் மாதிரி இருந்தது. மற்ற ரெண்டு ஐயாமார் இங்கிலீஷ்.

"பாக்கியம்மா, பயப்படாதீங்க. இந்த நோட்டு எழுதினது நீங்கதானா?"

"ஆமாங்க."

"ஷமீனான்னு எழுதச் சொன்னது யாரு?"

"ஆரும் சொல்லலைங்க."

"அப்புறம் ஏன் எழுதினீங்க?"

கொழுந்து விஷயத்தைச் சொன்னேன். நடுவில் ரெண்டு தடவை நின்றுவிட்டேன். அந்த அம்மா அவசரப்படுத்தவில்லை. நான் சொன்னதை மற்றவர்களுக்கு இங்கிலீஷில் சொன்னார். கண்ணாடி போட்ட ஐயா ஏதோ கேட்டார்.

"பாக்கியம்மா, சார் என்ன கேக்குறார்னா, அன்னைக்கு அவங்களுக்கு உதவணும்னு ஒண்ணு எழுதினீங்க. இன்னைக்கு அவங்களுக்கு உதவணும்னு ஒண்ணு சொல்றீங்க. இதுல எதை நாங்க நம்பறது?"

கேட்டது நியாயமான கேள்வி. நான் சத்தியம் பண்ணலாம். சத்தியத்தை வைத்து அவர்கள் என்ன செய்வார்கள்? தலையைக் குனிந்துகொண்டேன். முடிந்தது என்று நினைத்தேன்.

அந்த அம்மா பக்கங்களைத் திருப்பிக்கொண்டே இருந்தார் போல. "ஒரு நிமிஷம்," என்றார். "இந்த நாலாவது கட்டம் ஏன் காலியா இருக்கு? இதுக்கு முன்னாடி பக்கங்கள்ல அங்க நம்பர் இருக்கே."

"அது மறு எண்ணிக்கைங்க."

"அப்படின்னா?"

வேலையைப் பற்றிக் கேட்டதும் எனக்குப் பேச்சு வந்துவிட்டது. "ஒவ்வொரு பிளாட்டுலயும் நூறு தளிர் கிள்ளுவோமுங்க. ரெண்டு இலை, ஒரு மொட்டு. அதுல எத்தனை தளிர்ல கொப்புளம் இருக்குதுன்னு நான் எண்ணி மூணாவது கட்டத்துல எழுதுவேனுங்க. அப்புறம் அதே தளிரைத் தட்டுல கொட்டி மேடம் எண்ணுவாங்க. என் நம்பரை அவங்க பாக்கக் கூடாது. அவங்க எண்ணினது நாலாவது கட்டத்துல. ரெண்டுக்கும் ரொம்ப வித்தியாசம் வந்தா ரெண்டு பேரும் மறுபடி எண்ணணுங்க."

"அப்ப ஷமீனான்னு பேர் இருக்கற பக்கத்துலயே ஷமீனா எண்ணின நம்பர் இல்லை."

"அவங்க எண்ணலையேங்க."

"பேர் எழுதினீங்கல்ல? உங்க நம்பர்ல ஒண்ணு ரெண்டு கூட்டிக் குறைச்சு அங்கயும் எழுதியிருக்கலாமே. யாருக்குத் தெரியப் போகுது?"

எனக்குக் கோபம் வந்தது. இருபத்தாறு வருஷத்தில் ஆபீசில் எனக்குக் கோபம் வந்தது அன்றைக்குத்தான். "அதெப்படிங்க எழுதறது? எண்ணாத நம்பரை எப்படிங்க எழுத முடியும்?"

குரல் நான் நினைத்ததைவிடப் பெரிசாக வந்துவிட்டது. போஜன் சார் கதவு ஓரத்திலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அந்த அம்மா மற்ற ரெண்டு பேரிடமும் பேசினார். மூணு பேரும் குனிந்து பக்கம் பக்கமாகப் பார்த்தார்கள். நேரம் ஆனது. நாற்பத்தேழு வாரத்துக்கும் நாலாவது கட்டம் காலி. மேடம் போன வாரத்தில் நின்ற நம்பர், மேடம் திரும்பின வாரத்தில்தான் மறுபடி ஆரம்பிக்கிறது. ஆபீஸ் லெட்டரில் இருந்த தேதிகளும் அதேதான். நான் அதை அப்படி யோசித்ததே இல்லை.

"சரி," என்றார் அந்த அம்மா. "அப்ப இந்தப் பதினோரு மாசம் ரீடிங் எடுத்தது யாரு?"

"செடி லீவு எடுக்காதுங்களே. வாரா வாரம் எடுத்துத்தான் ஆகணுங்க."

"அது சரிம்மா. எடுத்தது யாரு?"

"நாந்தானுங்க."

"தனியாவா?"

"தனியாத்தானுங்க. மழையில ரெண்டு நாள் ஆகும்."

"அப்ப ஏன் உங்க பேர் நோட்டுல ஒரு இடத்துலகூட இல்லை?"

"அது ஆபீசருங்க எழுதற கட்டங்க," என்றேன்.

கண்ணாடி போட்ட ஐயாவுக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னார்கள். அவர் எனக்குக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து நின்று கும்பிட்டேன். எழுந்ததும் திரையில் என் தலை தெரியவில்லையாம், ஸ்வெட்டர் பொத்தான்தான் தெரிந்ததாம். போஜன் சார் பிறகு ஒரு வாரம் அதையே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

6. அடித்து எழுதியது

நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. பதினோரு மாசத்தையும் கழித்துக்கொள்ள ஒத்துக்கொண்டார்கள். ஷமீனா மேடம் ஏர்லி கேரியர்தான், தகுதி உண்டு. கூடவே ஒரு நிபந்தனை. நோட்டில் தப்பாக இருப்பதைத் திருத்தி அனுப்பவேண்டும். அழிக்கக் கூடாது, பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. பழைய எழுத்து தெரிகிற மாதிரி ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியான பேரை எழுதி, அன்றைய தேதி போட்டுக் கையெழுத்து வைக்கவேண்டும்.

ஒரு விஷயம் இளம் டாக்டர்களுக்கும் சொல்லவேண்டும். தகுதி உண்டு என்றால் நிதி கிடைத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. மேடத்தின் அத்தா அப்படி நினைத்து ஸ்டேஷன் முழுக்க வர்க்கி பிஸ்கட் கொடுத்து அனுப்பிவிட்டார். தகுதி என்பது வாசல் கேட்டைத் திறந்து விடுவது மட்டும்தான். உள்ளே போன பிறகு திட்டத்தை எடுத்துச் சொல்லி, மற்றவர்களோடு போட்டி போட்டு ஜெயிக்கவேண்டும். மேடத்துக்கு அதற்குப் பிறகு ஒரு நேர்காணல் இருந்தது. அஞ்சு மாசம் கழித்துத்தான் முடிவு வந்தது. கிடைத்தது. மூணு வருஷத்துக்குப் பிளாட் அவருடையது. நான் ரிட்டயர் ஆகிற வரைக்கும் அங்கேதான் இருந்தேன்.

திருத்துகிற வேலைக்கு எனக்கு ஒரு பகல் முழுக்க ஆனது. சாரின் ரூமிலேயே ஒரு ஓரத்தில் மேஜை போட்டுக் கொடுத்தார்கள். ஷமீனா என்று இருந்ததில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். பக்கத்தில் பாக்கியம் என்று எழுதவேண்டும். பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்தவர் பேரை எழுதும்போது ஓடின கை, என் பேரை எழுத ஓடவில்லை.

சுகுமாரன் சார் எட்டிப் பார்த்தார். "என்னங்க, பேரை மறந்துட்டீங்களா?"

"இல்லைங்க சார்."

"இனிஷியலோட எழுதுங்க. இந்த மலையில தடுக்கி விழுந்தா ஒரு பாக்கியம். எந்தப் பாக்கியம்னு நாளைக்கு எவனாவது கேப்பான்."

மு. பாக்கியம் என்று எழுதினேன். அடுத்த பக்கத்தில் எழுதினேன். பத்துப் பக்கம் போனதும் கை பழகிவிட்டது.

பீல்டில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்கிறது இதுதான். கூட வேலை செய்கிறவள் பிள்ளை பெறப் போனால் பார்க்கப் போங்கள். அவள் வீட்டுத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள், மூத்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுங்கள். அவள் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுக்கக் கூடாது என்றால் எல்லாரும் சேர்ந்து ஆபீசில் போய்ச் சொல்லுங்கள். நான் அதைச் செய்யப் பயந்துதான் நோட்டில் எழுதினேன். நோட்டில் மட்டும், வராதவர் வரவில்லை என்றே எழுதுங்கள். அவர் வராத நாளும் என்றைக்காவது அவருக்குத் தேவைப்படும். ரீடிங் எடுத்தது நீங்கள் என்றால் உங்கள் பேரை எழுதுங்கள். கூச்சமாக இருந்தாலும் எழுதுங்கள், இனிஷியலோடு.